காலையில் மட்டும் பிடிக்காத பிரேக்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: வீட்டுப் பெரியவர், அவருடைய ஒரே மகள், மருமகன், பட்டறை மெக்கானிக், காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் தங்கையான கணக்கு டீச்சர். இவர்கள் போக, கதவோரம் இரண்டு பெட்டிகள் நின்றன. மாலைக்குள் வீட்டை விட்டுப் போய்விடுவதென்று மகளும் மருமகனும் கட்டி வைத்தவை.

பெரியவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் அச்சகத்தில் ஃபோர்மேனாக நின்ற முதுகு அது. முந்தாநாள் இரவு சாப்பாட்டு மேஜையில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிரேக்கில யார் கை வெச்சது?" மருமகன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். கேட்டதைத் திரும்ப எடுக்கவும் பெரியவருக்கு வாய் வரவில்லை; கேட்காமல் இருந்திருக்கவும் முடியவில்லை.

மூன்று வாரமாக இதே தொல்லை. இரவெல்லாம் வாசலில் நிற்கும் கார், காலையில் மிதித்தால் நிற்க மனமில்லாமல் வழுக்கும். தெருமுனை தாண்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் கச்சிதமாக நிற்கும். போன திங்கட்கிழமை, பெரியவர் ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வாசல் சரிவில் இறங்கிய வண்டி எதிர்க்கடைத் தையல்காரரின் பலகையைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. அதுவும் அந்தத் தையல்காரர்! மழை தொடங்கிய வாரம், "என்ன பெரியவரே, சக்கரத்துல துரு தெரியுதே, வண்டி கிழடாயிடுச்சா?" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்த ஆள்.

மெக்கானிக் பொறுமை இழந்திருந்தார். "நாலு தடவை ஓட்டிப் பாத்துட்டேன் சார். ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மூணு ராத்திரி பட்டறையிலயே போட்டு, விடிஞ்சதும் எடுத்துப் பாத்தேன். அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு தரம் கூப்பிட்டீங்கன்னா நான் தொழிலையே மாத்திக்கறேன்."

"அப்போ வண்டி ஆறிப்போறது காரணமில்லை!" என்று டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அங்கயும் ஆறுது, இங்கயும் ஆறுது. இந்த வீட்டு வாசல்ல நின்னாத்தான் கெடுது. அண்ணா, யாரோ ராத்திரியில ஏதோ பண்றாங்க."

எல்லோர் பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. இரண்டு மாதத்துக்கு முன் பிரேக் பேடைத் தன் கையாலேயே மாற்றியவர் மருமகன்தான்.

"மாத்தினப்புறம் அஞ்சு வாரம் நல்லா ஓடுச்சே, அதை யாரும் சொல்ல மாட்டீங்களே!" என்றார் மருமகன். "இவ உக்கார்ற வண்டியில நான் கை வைப்பேனா மாமா? அந்த அளவுக்கா என்னை நினைச்சிருக்கீங்க?"



சர்வேயர் அவசரப்படவில்லை. மகளிடம் கேட்டார்: "தெருமுனை போறதுக்குள்ள ஏதாவது வாடை வருமாம்மா?"

"வரும். ஏதோ காயற மாதிரி. எதிர்வீட்டு அடுப்புன்னு நினைச்சேன்."

"மெக்கானிக், பட்டறையில விடிஞ்சதும் சக்கரத்துக்குள்ள இருக்கிற இரும்புத் தட்டு, பேட் கவ்வுற தட்டு, என்ன நிறத்துல இருந்துச்சு?"

"லேசா பழுப்பு. மழை ராத்திரிக்கு அப்புறம் எல்லா வண்டியிலயும் வர்றதுதான். ரெண்டு மிதியில போயிடும்."

"நேத்து ராத்திரியும் மழை. வர்ற வழியில இந்தத் தெருவுல பதினோரு காரைக் குனிஞ்சு பாத்தேன்."

"பாத்தவங்க உங்களைத் திருடன்னு நினைச்சாங்க," என்றார் டீச்சர்.

"பத்துல பழுப்பு. உங்க வண்டியில மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு." சர்வேயர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து விரித்தார். நடுவில் வெளிச்சம் ஊடுருவும் ஒரு கறை. "அந்தத் தட்டுல ஒத்தி எடுத்தது. ஐயா, அச்சகத்துல சாயங்காலம் மிஷினை எப்படி மூடுவீங்க?"

பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "எண்ணெய்த் துணியால துடைக்காம ஒரு நாளும் மூடினதில்லை. இரும்பை வெறுமனே விட்டா விடியறதுக்குள்ள துரு ஏறிடும். ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு உருளையையும் நானே என் கையால..."

பேச்சு அங்கேயே நின்றுபோனது. மூன்று வாரமாகத் தினமும் மாலையில் சக்கரத்தின் இடுக்குகளில் குச்சியால் துணியை விட்டுத் துடைத்த கை, மடியில் கிடந்தது.

"அப்பா!" என்றாள் மகள்.

"மிஷின் சுத்தணும்னு எண்ணெய் போட்டீங்க," என்றார் சர்வேயர் மெதுவாக. "இது வண்டியை நிறுத்துறதுக்கு இருக்கிற இரும்பு. காலையில முதல் நாலு மிதி எண்ணெயில வழுக்குது. அப்புறம் சூட்டுல காய்ஞ்சு போயிடுது. அந்த வாடை அதுதான். வண்டி பட்டறை போய்ச் சேர்றதுக்குள்ள தடயமே இருக்காது. அங்க தங்கின மூணு ராத்திரி துடைக்க நீங்க இல்லை. பேட் எண்ணெய் குடிச்சிருக்கும். மாத்திட்டு, தட்டைக் கழுவணும்."

"எண்ணெய் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்த மெக்கானிக், பெரியவர் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினார்.

பெரியவர் எழுந்தார். இரண்டு பெட்டிகளையும் தூக்கி உள்ளறையில் வைத்தார். "மாப்பிள்ளை, கேட்கக் கூடாததைக் கேட்டுட்டேன்," என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

தையல்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி குரலைத் தாழ்த்தினார்: "பெரியவரே, உங்க மாப்பிள்ளை பிரேக்கை அறுத்து வெச்சாராமே? தெருவே பேசுது."

"அறுக்கலை. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. துரு தெரியுதுன்னு நீங்க சிரிச்சதுக்கு ரோஷப்பட்டு, எண்ணெய் தடவிக் கெடுத்தது நான்."