கண்மட்டம்

காலையில் வந்ததும் ஜெசிந்தா தன் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தாள். தூத்துக்குடி மக்கள் காப்பு நிலையத்தில் அலுவலர்களின் முதல் வேலை அதுதான். சுவரில் கண்மட்டமானி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவர் முத்துப்பேச்சி. உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார். சேலையின் கீழ்ப்பாதி ஈரம். பாதங்களில் உப்பு அரித்த புண்கள்.

“உக்காருங்கம்மா.” ஜெசிந்தா மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“இருக்கட்டும் தாயி. நிக்கேன்.”

ஜெசிந்தாவும் எழுந்து நின்றாள். கேட்பவர் கண்ணும் கொடுப்பவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் மானி பச்சையாகும், கணினி திறக்கும். யாரும் அண்ணாந்து பார்த்து உதவி கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் ஜெசிந்தா நல்ல உயரம். மானி நிறம் மாறவில்லை. முழங்காலை மடக்கிக் குனிந்தாள். அலுவலர் குனிவதைக் கண்டு பதறிய முத்துப்பேச்சி இன்னும் தாழக் குனிந்தார். அவள் மேலும் குனிந்தாள். அவரும்.

“ஒன் வளத்தியக் குறைக்க ஒரு மிஷின் கண்டுபிடிக்கலயா தாயி?”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். “நாற்காலில உக்காந்தா என்னம்மா?”

“சேல ஈரம். உப்பு பூத்துரும். முன்ன பழைய ஆபீசுல ஒருக்க உக்காந்தேன். எந்திரிச்சதும் என் கண்ணு முன்னாலயே அந்த சார் துணியெடுத்துத் தொடச்சாரு.”

அதற்குமேல் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். “முடியாதுன்னா சொல்லிரு. இந்தக் காலோட திரும்ப அளத்துக்கே போயிருதேன்.”

ஜெசிந்தா நிமிர்ந்தாள். மேசையைச் சுற்றி வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் கொஞ்சம் வளைத்தாள்.

மானி பச்சையானது.

“உங்களுக்கு என்ன வேணும்மா?”

“புண்ணு ஆறுற வரைக்கும் உப்புத் தண்ணில எறங்காம இருக்கணும்.”

கணினி சான்று எதுவும் கேட்கவில்லை. புண் ஆறும்வரை ஓய்வுக்கு ஊதியம் இன்றிலிருந்தே உண்டு என்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

முத்துப்பேச்சி பெருமூச்சு விட்டார். கால்களை நீட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

“பஸ்சு வர்ற வரைக்கும் இதுல உக்காந்துக்கிடட்டா?”

“உக்காருங்க.”

ஜெசிந்தா எழுந்து தன் இடத்துக்குப் போனாள். முத்துப்பேச்சி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பேருந்து வந்து அவர் எழுந்தபோது இருக்கையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தாவின் வெறுங்கைகள் இரண்டும் மேசைமேல் இருந்தன. அடுத்து வந்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.