சபையார் போடாத ஓட்டு

அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது என்று முந்தின ஞாயிறே சபையில் சொல்லிவிட்டார்கள். தேர்தல் நாள். ஓட்டுச்சாவடி திறந்திருக்கும் நேரம் முழுக்க, காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, சபையார் ஜெபக்கூடத்தில் உபவாசம் இருக்க வேண்டும். விசுவாசிக்கு அரசியல் ஆகாது. ஆகாத இடத்துக்குக் கால் தானாகப் போய்விடக் கூடாதே என்று கதவையும் சாத்திக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

அவள் அடுப்பை மூட்டினாள். ஒரு டம்ளர் சுடுதண்ணிக்குத்தான். பின்வாசலில் அவளுடைய கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர்.

"புகை வருது… என்ன அங்க?" முன்னறையிலிருந்து அவள் கணவர் கேட்டார்.

"சுடுதண்ணி வைக்கிறேன்."

"இன்னைக்கா?"

"தம்பி வந்திருக்கான். இருமல் நிக்கல…"

"எந்தத் தம்பி? போஸ்டர்ல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறானே, அந்தத் தம்பியா? அவனுக்குச் சுடுதண்ணி வைக்க ஊர்ல ஆளா இல்ல?"

சின்னவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது.

"அண்ணன் போஸ்டரையாச்சும் பார்த்திருக்காரே, அதுவே ஒரு ஓட்டு விழுந்த மாதிரிதான் அண்ணி."

"வாயை மூடிக்கிட்டுக் குடி."

"ஏழு மணிக்கே வந்துடுங்க. வெயில் ஏறிட்டா உங்க ஓட்டு உங்களுக்கு இருக்காது."

"ஏன், ஆறிப் போயிடுமா?"

"ஆறாது. வேற எவனாச்சும் சாப்பிட்டுட்டுப் போயிடுவான்."

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தாள். தலையை மட்டும் அசைத்தாள். அது சத்தியம் செய்த மாதிரி என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவளுடைய கணவர் கொத்தனார். சபையில் மூப்பர். சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டுகிற மனுஷன். அவர் பிடிவாதம் வெறும் பிடிவாதம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சபையிலேயே இரண்டு பேர் தேர்தலில் நின்றார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் ஜெபக்கூட வாசலிலேயே கடப்பாரையோடு மோதிக்கொண்டார்கள். விலக்கப் போனவர் மூப்பரின் அப்பா. விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். ஏழு வயசுச் சின்னவன் அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு தகப்பன் குழிக்கு மண் போட்டான். இனி விசுவாசி எவனும் ஓட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அந்தக் குழிமேட்டில்தான் சபையார் முடிவெடுத்தார்கள்.

அவனைப் படிக்கவைக்க அவள் கிரஷருக்குப் போனாள். மலையை உடைத்து ஜல்லியாக்கும் அந்த மிஷினுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒன்பது வருஷம். வயிற்றுப்பிள்ளையோடும் போனாள், வயிற்றுப்பிள்ளை கலைந்த மறுவாரமும் போனாள். அவளுடைய இருமலைக் கேட்டுப் பதினாறு வயசில் அவன் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டான். "நீங்க உட்காருங்க அண்ணி, நான் போறேன்." போனான். அவளுக்கு இருமல் நின்றது. பதின்மூன்று வருஷத்தில் அவன் நெஞ்சுக்குள் கல்தூள் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். மருந்து இல்லையாம்.

அவன் வார்டு மெம்பருக்கு நின்றது அதற்காகத்தான். கிரஷருக்குக் கூரை போட வேண்டும், தூசி எழும்பாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். தன் பிழைப்பு முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். இப்போது மிஷினில் நிற்கிறவர்களுக்காகக் கேட்டான். எதிர்த்து நின்றது கிரஷர் முதலாளியின் மச்சான்.

ஏழு மணிக்கு அவளால் போக முடியவில்லை. மூப்பர் கூடவே நடந்து வந்து அவளைப் பெண்கள் பக்கம் உட்காரவைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். பதினொரு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்தாள். சுற்றத்தான் செய்தது. பள்ளிக்கூடத்து வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றாள். ஆண்டவரே, இது பாவமானால் என் தலையோடு போகட்டும் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள்.

பட்டியலைப் பார்த்த அதிகாரி நிமிர்ந்தார். "இந்தப் பேருக்கு ஓட்டு விழுந்துடுச்சே. ஏழே காலுக்கே."

"நான் இப்பதான்யா வரேன்…"

"கைநாட்டு இருக்கு பாருங்க."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்யா!"

ஏஜெண்டுகள் பெஞ்சில் முதலாளி ஆள் வாய்விட்டுச் சிரித்தான். "என்னக்கா, போட்டுட்டு மறந்துட்டீங்களா? உங்க ஜெபக்கூட்டம் மொத்தமும் வந்துட்டுப் போயிடுச்சே! உங்க வீட்டுக்காரர்தான் முதல் ஆளு!"

பக்கத்தில் சின்னவனின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன் டயர்க்கடைக்காரன். அவன் குனிந்து கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி கடுகடுப்பாகச் சொன்னார்: "புகார் தரதுன்னா எழுதித் தாங்க. போலீஸைக் கூப்பிடுறேன். உங்க வீட்டு ஆளையும் விசாரிப்பாங்க."

உபவாச ஜெபத்தின் நடுவில் போலீஸ்காரன் மூப்பரைக் கூப்பிடுகிற காட்சி அவள் கண்ணில் ஓடியது.

"வேண்டாம்யா," என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஓட்டு எண்ணின அன்றைக்கு நாற்பத்தோரு ஓட்டில் சின்னவன் தோற்றான். அன்று சாயங்காலம் பின்வாசலுக்கு வராமல் முன்வாசலுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணி, உங்க சபையில ஐம்பத்து மூணு ஓட்டு. ஐம்பத்து மூணும் விழுந்திருக்கு, அவங்களுக்கு! ஒவ்வொரு தேர்தல்லயும் இதான் நடக்குது. வராத ஆளு ஓட்டுன்னா சுளுவு இல்ல? கேட்க நாதி கிடையாது. எனக்கு உங்க ஓட்டே வேணாம் அண்ணி… அது சும்மா கிடந்திருந்தாலே பன்னெண்டுல ஜெயிச்சிருப்பேன்!"

"தம்பி…"

"மத்தவங்களை விடுங்க. நீங்க வருவீங்கன்னு இருந்தேன். நீங்க ஒருத்தர் வந்து, என் பேர்ல எவன்டா போட்டான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா எல்லாம் வெளிய வந்திருக்கும். அண்ணன்கிட்ட பயம், போதகர்கிட்ட பயம், கர்த்தர்கிட்ட பயம்… நான் செத்துருவேனேன்னு மட்டும் பயமே இல்லையா உங்களுக்கு?"

வந்தேன் என்று சொல்ல அவள் வாய் திறந்தது. வந்து என்ன செய்தாய் என்று கேட்பானே! வேண்டாம்யா என்று சொல்லிவிட்டு வந்ததை எந்த வாயால் சொல்வாள்? அவன் கேட்கிற சத்தத்தைத்தானே அவள் போடாமல் திரும்பினாள்? வாயை மூடிக்கொண்டாள். அவன் போய்விட்டான்.

வரிசையில் அவளைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை மூப்பர் கேட்டார்.

"வரிசையில நின்னியா?"

"நின்னேன்."

"ஓட்டுப் போட்டியா?"

"போடல. எனக்கு முன்னாடியே என் பேர்ல போட்டுட்டாங்க. உங்க பேர்லயும் விழுந்திருக்காம்…"

"போனதும் இல்லாம பொய் வேறயா!" அவர் கையை நீட்டினார். "எங்கப்பா ரத்தத்தை இந்தக் கையாலதான் கழுவினேன். உனக்குத் தெரியாதா? நீயுமாடி…"

மறுநாள் சபையில் அவள் பெயரை அவரே எழுந்து வாசித்தார். தம்பி கட்சிக்காரன், மனைவி வரிசையில் நின்றவள் என்று யாரும் சொல்லுமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்ற ரோஷம். இனி அவளுக்குக் கடைசி பெஞ்சு. திருவிருந்தில் அப்பமும் பாத்திரமும் கிடையாது. ஞாயிறுதோறும் அப்பத்தட்டு அவளுக்கு முந்தின பெஞ்சோடு திரும்பிவிடும். முன்னால் இருக்கிற பெண்கள் தலையைத் திருப்பாமலே பரிதாபப்பட்டார்கள்.

ஐந்து மாதத்தில் சின்னவன் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டான். மூக்கில் குழாய். அவள் தினமும் தூக்குச்சட்டியோடு போவாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். சட்டியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அவன் முகம் இந்தப் பக்கம் ஒருதரம் திரும்பினால் போதும் என்றுதான் அவள் ஜெபம் இருந்தது. நாள் எண்ணச் சொல்லிவிட்டார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் மூப்பர் வந்தார்.

டயர்க்கடைக்காரன் கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். மூப்பர் நின்றபடியே சொன்னார்: "ஜெபம் பண்ணட்டுமாடா?"

"பண்ணலாம் அண்ணே… முதல்ல இதைப் பாருங்க." சின்னவன் தலையணைக்கடியிலிருந்து மடித்த காகிதங்களை உருவினான். ஓட்டுச்சாவடிப் பட்டியல். போட்டவர்கள் பெயருக்கு நேராக ஏஜெண்டு அடித்த கோடுகள்.

"இன்னுமாடா இந்த அரசியல்?"

"உங்க பேரைத் தேடுங்க."

மூப்பர் தேடினார். கோடு இருந்தது. போதகர் பெயரிலும் கோடு. அவர் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. சபையில் ஞாயிறுதோறும் அவர் பார்க்கிற முகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

"நான் போடலையேடா…"

"போட்டீங்க. எனக்கு எதிரா. இருபத்திரண்டு வருஷமா அந்தக் கிரஷருக்குத்தான் போட்டுக்கிட்டு இருக்கீங்க."

"இது என் கை இல்ல!"

"உங்க கைதான் அண்ணே. நீங்க சும்மா வச்சிருந்த கை. எடுத்துக்கிட்டாங்க."

மூப்பர் கட்டில் கம்பியைப் பிடித்தார். தூக்குச்சட்டியோடு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"இவ சொன்னா… உங்க பேர்லயும் விழுந்திருக்குன்னு சொன்னா. பொய்யின்னுட்டேன். அப்பத்தட்டுல இருந்து தள்ளி வச்சேன்…"

சின்னவன் முகம் சுருங்கியது. "அண்ணிக்கு எப்படித் தெரியும்? அவங்கதான் வரவே இல்லையே?"

விசிறி நின்றது. டயர்க்கடைக்காரன் எழுந்தான், உட்கார்ந்தான், தலையில் அடித்துக்கொண்டான்.

"வந்தாங்கடா! மத்தியானம் வந்தாங்க. கையெழுத்துப் போடத் தெரியும்யான்னு சொன்னாங்க. அவனுங்க சிரிச்சானுங்க. நான் உன் ஏஜெண்டுடா… வாயத் திறக்கல. கடை வாடகை அந்த முதலாளி கட்டடம்டா, என்ன பண்ணச் சொல்றே…"

சின்னவன் மெல்ல முகத்தைத் திருப்பினான். வாசல் பக்கம்.

"அண்ணி… ஏன் சொல்லல?"

"என்னத்தடா சொல்லுவேன்!" அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். "போலீஸ்னு சொன்னாங்க. வேண்டாம்யான்னு வந்துட்டேன்டா. நீ கேட்டது ஒரு சத்தம். என் தூசி பூரா வாங்கிக்கிட்ட பிள்ளைக்கு ஒரு சத்தம் போட முடியல எனக்கு…"

அவன் கை அவள் தலையில் விழுந்தது. எலும்புதான் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினான். விம்ம மூச்சுப் போதவில்லை.

"அண்ணி… அழாதீங்க. நீங்க அழுதா எனக்கு மூச்சு வாங்குது. ஏற்கனவே… சரக்கு கம்மி."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மூப்பர் ஜெபம் பண்ண வந்தவர், பண்ணாமலே நின்றார்.

ஞாயிறன்று அவர் பட்டியலோடு சபையில் எழுந்தார். ஐம்பத்து மூன்று பெயரையும் வாசித்தார். போதகர் அமைதியாகச் சொன்னார்:

"மூப்பரே, தம்பி நிலைமை உங்களைக் கலக்கியிருக்கு. நம்ம பேர்ல எவனோ செய்யிற பாவம் நம்மேல வராது."

"அப்ப என் பொண்டாட்டி செய்யாத பாவம் மட்டும் அவமேல வந்துச்சே ஐயா?"

"வரிசையில நின்னாங்க இல்ல…"

"நாம நிக்கல. என் தம்பி சாகக் கிடக்குறான்."

முணுமுணுப்பு எழுந்தது. போலீஸ், கோர்ட்டு என்று அலைய முடியுமா என்றார் ஒருவர். முதலாளியைப் பகைத்துக்கொண்டு எங்கே வேலைக்குப் போவது என்றார் இன்னொருவர். அப்பா செத்ததை மறந்துவிட்டாரா இவர் என்று பெண்கள் பக்கம் ஒரு குரல். கடைசியில் போதகரே முடித்துவைத்தார்: அடுத்த தேர்தலுக்கு ஒரு நாள் போதாது, மூன்று நாள் உபவாசம் இருப்போம். ஆமென் என்றார்கள்.

மூப்பர் அப்பத்தட்டை எடுத்தார். முதல் பெஞ்சைத் தாண்டினார், நடு பெஞ்சைத் தாண்டினார், நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து அவள் முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்கோ," என்றார். "தப்பு என்னுது."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதமாக ஏங்கிய அப்பம்தான். அவர் மேல் கோபமும் இல்லை, கண்ணீர் தளும்பியது. ஆனால் கை எழவில்லை.

"உங்ககிட்ட எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள் மெதுவாக. "எனக்கு இவங்களோட சேர்ந்து இதைச் சாப்பிட முடியல. தொண்டையில நிக்கும்."

எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க போற?"

"பிள்ளைக்குப் பத்து மணிக்குக் குழாய் மாத்துவாங்க. பிடிச்சுக்க ஆள் வேணும்."

சாத்தியிருந்த கதவை அவளே திறந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கூடத்துக்குள் வந்தது. யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூப்பர் தட்டைப் பிடித்தபடி காலியான பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.