அம்மாவின் குரலும் இரைகிற கம்ப்யூட்டரும்

“பிறந்தநாளுக்கு என்ன வேணும் மோளே?” என்று அப்பா கேட்டதும் அம்ருதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கம்ப்யூட்டருக்கு ஒரு கூலர்!”

அப்பா முத்துராமலிங்கம் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டார். “மூணு மாசமா சைக்கிள் சைக்கிள்னு உயிரை வாங்கினியே?”

“சைக்கிள் அடுத்த வருஷம் போதும். கூலர் இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். அம்மாவுக்கு!”

விஷயம் இதுதான். அம்மா மாயம்மாள் எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் படகேறிப் போனால் இருட்டிய பிறகுதான் மட்டாஞ்சேரிக்குத் திரும்புவாள். கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்ருதாவுக்கு மனசைப் பிசையும்.

இப்போது அம்மாவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்திருந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற ஓர் அமைப்பு, சம்பளத்துக்கு ஆள் தேடியது. வீட்டில் உட்கார்ந்தபடியே வாசிக்கலாம். அம்மா தேனிப் பக்கத்தில் பிறந்து படித்தவள். அவள் தமிழ் வாசித்தால் தெருவே நின்று கேட்கும். அப்பாவுக்கும் அம்ருதாவுக்கும் மலையாளத்தில்தான் வேகம். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, வரி முடிவதற்குள் வியர்த்துவிடும்.

அம்மா ஒரு பக்கம் வாசித்து அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. “உங்கள் குரல் அருமை. ஆனால் பின்னால் மிக்ஸி ஓடுகிறதா? ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இணையம் வழியாக நேரடியாக இன்னொரு முறை வாசித்துக் காட்டுங்கள். இதுவே கடைசி வாய்ப்பு.”

மிக்ஸியாவது ஒன்றாவது! இரைந்தது கம்ப்யூட்டர். கலூரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டியதை அப்பா வாங்கி வந்திருந்தார். ஐந்து நிமிடம் வேலை கொடுத்தால் போதும், ‘ஊஊஉம்ம்’ என்று தொடங்கிவிடும். அந்த அமைப்பு அனுப்பிய மைக்கை மாட்டவும், குரலைப் பதிவு செய்யவும் கம்ப்யூட்டர்தான் வேண்டும். செல்போனில் அது நடக்காது.

அம்ருதா அன்றே பஜார் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிஜு சேட்டனிடம் ஓடினாள்.

“உள்ளே ப்ராசசர்னு ஒண்ணு இருக்கு மோளே. முழு வேலையும் செய்யறது அதுதான். அதனால சூடாகும்,” என்றார் பிஜு. “அதோட தலைல இருக்கிற குட்டி ஃபேன் பாவம், சூட்டை விரட்ட ஓடி ஓடித் தளந்து போச்சு. அதான் கத்துது. பெரிய கூலர் ஒண்ணு வச்சா, நிதானமா சுத்தும். சத்தமே கேக்காது.”

கூலர் சனிக்கிழமை மாலைதான் கடைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிஜுவுக்கு வல்லார்பாடத்தில் ஒரு கல்யாணம். அதனால் கடையில் கிடந்த ஒரு பழைய கூலரை வைத்து, எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று அம்ருதாவுக்கு இரண்டு முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை அவளே செய்தாள்.

“மிடுக்கி! கெட்டிக்காரி! வீட்டுலயும் நீயே பண்ணிடுவே,” என்றார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கொச்சி மாநகராட்சியில் லாரி ஓட்டுகிறார். தங்கமான மனிதர். ஆனால் புதிதாக எதை வாங்கினாலும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடமாட்டார். டிவி ரிமோட் உறைக்குள்தான் இருக்கும். ஃபிரிட்ஜின் கதவில் கடையில் ஒட்டிய தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. கூடத்து சோபாவுக்கு வயது நான்கு. அதன் துணி என்ன நிறம் என்பது வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. உட்கார்ந்தால் ‘சரக்’, எழுந்தால் ‘சரக்’.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அம்ருதா களத்தில் இறங்கினாள். முதலில் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். பழைய குட்டி ஃபேனை எடுத்தாள். அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு உதவிக்கு நின்றார்.

புதிய கூலரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மூவரும் ‘ஆ!’ என்றார்கள். கை அகல ஃபேன். அடுக்கடுக்காக மெல்லிய உலோகத் தகடுகள். அடியில் கண்ணாடி போலப் பளபளக்கும் செம்பு. அதன்மேல் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள்.

அம்ருதா அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

“ஏய், பிரிக்காதே!” என்று அப்பா பதறினார். “கீறல் விழுந்துரும். புதுசு புதுசாவே இருக்கட்டும்!”

பிஜு சேட்டனின் பழைய கூலரில் இப்படி ஒரு தாள் இருக்கவில்லை. இருக்கட்டுமே என்று அம்ருதாவும் விட்டுவிட்டாள். ப்ராசசர்மேல், சூட்டை மேலே கடத்துவதற்காகக் கூலரோடு வந்த பேஸ்ட்டை ஓர் அரிசி அளவுக்கு வைத்து, கூலரை உட்கார்த்தி, நான்கு ஸ்க்ரூக்களையும் முறுக்கினாள். ஃபேன் வயரைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள்.

ஃபேன் சுற்றியது. சத்தமே இல்லை!

“ஹைய்யா!” அம்ருதா குதித்த குதியில் மேசை ஆடியது. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா ஊரெல்லாம் சொல்லப் போனை எடுத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. அம்மா மைக்கை மாட்டி வாசித்துப் பார்க்கத் தொடங்கினாள். திரையின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண் எழுபதுக்குப் போனது. எண்பது. தொண்ணூறு. பெரிய ஃபேன் பெரிய சத்தம் போட்டது. தொண்ணூற்றாறு!

டப். திரை கறுத்தது.

மணி மூன்று பதினைந்து. அம்ருதா பிஜுவுக்குப் போன் போட்டாள். கல்யாண மேளத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலும். மறுபடி போட்டாள். எடுக்கவே இல்லை.

“விடு அம்மு,” என்றாள் அம்மா. “நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான். கடை இருக்கவே இருக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது.

அம்ருதாவுக்கும் அழுகை முட்டியது. அழுதால் நேரம் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரின் தகடுகளை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை. சிமெண்டுத் தரை போலக் குளுகுளுவென்று இருந்தது.

“அம்மா, இது ஏன் சூடாகல? கீழே ப்ராசசர் அப்படிக் கொதிக்குதே! அடுப்பு எரியுது, மேல வச்ச பாத்திரம் சூடாகலன்னா என்ன அர்த்தம்?”

“ரெண்டுக்கும் நடுவுல ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம்,” என்றாள் அம்மா.

தலையில் கைவைத்தபடி அப்பா சோபாவில் உட்கார்ந்தார். ‘சரக்!’

அம்ருதா விருட்டென்று திரும்பினாள். “அப்பா! பிளாஸ்டிக்! அந்தத் தாள்தான்! ப்ராசசரோட சூடு மேல ஏறவே இல்ல!”

அப்பாவின் முகம் சின்னதாகிவிட்டது. “அடக் கடவுளே. நான்தானே பிரிக்காதேன்னேன்!”

“அதெல்லாம் அப்புறம். ஸ்க்ரூ டிரைவர் எங்க?”

கடகடவென்று வேலை நடந்தது. கூலரைக் கழற்றினார்கள். அம்ருதா தாளின் ஓரத்தைப் பிடித்து அப்பாவிடம் நீட்டினாள். “நீங்களே பிரிங்க.” அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு சர்ரென்று இழுத்தார். பழைய பேஸ்ட்டை மெல்லிய துணியால் துடைத்து, மிச்சமிருந்ததைப் பிதுக்கி, மறுபடி மாட்டி முடித்தபோது மணி மூன்று ஐம்பது.

பொத்தானை அழுத்திவிட்டு மூவரும் மூச்சு விடாமல் எண்ணைப் பார்த்தார்கள். நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. அங்கேயே நின்றுவிட்டது!

சரியாக நான்கு மணிக்குத் திரையில் ஒரு பெண் வந்தாள். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு திமிங்கலத்தைப் பற்றிய பாடத்தை வாசிக்கத் தொடங்கினாள். அவள் குரல் அறை முழுக்க நிறைந்தது. இவ்வளவு அழகான குரலா இத்தனை நாள் இந்த இரைச்சலுக்குள் இருந்தது என்று அம்ருதாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் இப்போது எல்லாச் சத்தமும் கேட்டது! அம்ருதா பூனை நடை நடந்து சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். சோபாவில் அப்பா லேசாக நெளிந்தார். ‘சர...’ அம்ருதா முறைத்தாள். அப்பா பாதி நெளிவிலேயே சிலையாகிவிட்டார்.

திடீரென்று காயல் பக்கமிருந்து ‘பாஆஆம்ம்’ என்று ஒரு சத்தம்.

“அது என்ன?” என்றாள் திரையில் இருந்த பெண்.

அம்மா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். “கப்பல்ங்க... வல்லார்பாடத்துக்குப் போகுது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “திமிங்கலப் பாடத்துக்குப் பொருத்தம்தான். மேலே வாசிங்க.”

இருபது நிமிடம் கழித்து அவள் சொன்னாள்: “உங்க மூச்சுச் சத்தம்கூடத் தெளிவா இருக்கு. அடுத்த மாசத்திலிருந்து தொடங்கலாமா?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், திரை அணைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அம்ருதாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சோபாவிலிருந்து ஒரு பாவப்பட்ட குரல் கேட்டது. “இப்ப நான் அசையலாமா? இடுப்பு போச்சு!”

சிரிப்பு அடங்கியதும் அப்பா அடுக்களையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார். சோபா உறையின் ஒரு மூலையை வெட்டி, பரபரவென்று உரித்துப் போட்டார். “அம்மா தினம் வாசிக்கணும். இங்க இனி ‘சரக்’ சத்தமே கூடாது!” நான்கு வருடத்துக்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. சோபாவின் நிறம் பச்சை!

அதே வேகத்தில் அம்ருதா டிவி ரிமோட்டை எடுத்து அதன் உறையில் கைவைத்தாள்.

அப்பா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“இது இருக்கட்டும் மோளே. இதுதான் சூடாகறதே இல்லையே!”