பழைய இன்ஜினில் நகப்பூச்சு

"பழைய இன்ஜின் வாங்குறதும் ரெண்டாம் தாரம் கட்டுறதும் ஒண்ணுதான்," என்று கல்யாணமான புதிதில் கணவன் அவளிடம் சொல்லியிருந்தான். "முதல் வீட்ல என்ன பாடு பட்டுச்சுன்னு அது வாயைத் திறந்து சொல்லாது. நாமதான் கழட்டிப் பார்க்கணும்."

"ஓஹோ. ஐயாவுக்கு ரெண்டாம் தாரம் நினைப்பு வேற இருக்கா?"

"ஒண்ணை மேய்க்கவே எனக்குத் தெம்பு இல்ல மகாராணி. கேளு. வெளிய இருக்கறப்போ பெல்ட் மாத்தறது சின்ன வேலை. வண்டிக்குள்ள இறக்கினப்புறம்னா முதுகு ஒடியும். பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல். பார்வைக்கு நல்லா இருந்தாலும் மாத்திடு. உள்ள பார்க்காம உள்ள விடாதே."

அந்தப் பேச்சை நினைத்துச் சிரித்தபடிதான் அவள் இன்ஜினின் முன்மூடியைக் கழற்றினாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மூடிக்குள்ளே, பல்சக்கரத்தின் விளிம்பில், கருஞ்சிவப்பில் இரண்டு புள்ளிகள். பெல்ட்டைக் கழற்றுமுன் சக்கரம் நின்ற இடத்தை அடையாளம் வைப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். எல்லாரும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார்கள். அவள் மட்டும்தான் நகப்பூச்சில் பக்கம் பக்கமாக இரண்டு புள்ளி வைப்பாள். "கண்ணு வரையறா பாரு" என்று கணவன் கிண்டல் செய்வான். அந்த நகப்பூச்சுக் குப்பி இன்றைக்கு இன்னும் மூடி திறக்காமல் அவள் சட்டைப் பையில் கிடந்தது.

வெளியே மழை பிடித்து, ஷெட்டின் தகரக் கூரை ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பகல் முடியவில்லை, ஆனாலும் மூலைகளில் இருட்டு குவிந்து, மண்ணெண்ணெய் வாடையும் ஈரத் துணி வாடையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் படிந்தன. வாசலில் நின்ற வேனின், இன்ஜின் எடுத்த காலி வயிற்றைக் கணவன் துடைத்துக்கொண்டிருந்தான். அதன் சொந்த இன்ஜின் எண்ணெய் வற்றி இறுகிப்போய்விட்டது. நாளைக் காலை லோடு போகாவிட்டால் ஓட்டம் வேறு ஒருவன் கைக்குப் போய்விடும். அதனால்தான் உடைசல் கிடங்கிலிருந்து, நொறுங்கிய ஒரு வேனின் இன்ஜினை இறக்கி வந்திருந்தான்.

நெடுந்தூர ஓட்டம். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். ஒரு தடவையாவது தன்னையும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ நாள் ஆசை. ஒவ்வொரு முறையும் வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, "சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா?" என்று உருமாறி இறங்கிவிடும்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தான். "அட! உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா போல. சொல்லவே இல்ல?"

"விளையாடாதீங்க. இது என் கை."

"ஊர்ல நகப்பூச்சு வச்சிருக்கறது நீ ஒருத்திதானா?" அவன் இன்ஜினின் பின்பக்கம் போய், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலைத் தடவினான். புருவம் உயர்ந்தது. அவனிடம் சீல் பொருத்தும் கருவி கிடையாது. குழாய்த் துண்டை வைத்துத் தட்டி இறக்குவான். குழாயின் பிசிறு பட்டுப் பிறை போல ஒரு வடு விழும். அதே பிறை அங்கேயும் இருந்தது. "இவனும் நம்ம கட்சிதான். எல்லாம் புதுசா மாத்தியிருக்கான்டி. நமக்குப் பாதி வேலை மிச்சம். ஆயில் சீலைத் தொடவேணாம், விடு."

"உள்ள பார்க்காம விடக்கூடாதுன்னு நீங்கதானே..."

"இது என் வேலை மாதிரியே இருக்கு. என்னை நம்ப மாட்டியா?"

தன் கைப்பக்குவத்தைக் கண்டதும் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை. இன்ஜினைத் தூக்கும் செயின் பிளாக்கைச் சக்கரத் தாங்கியில் மாட்ட வாசலுக்குப் போனான்.

அவள் நம்பவில்லை. கிராங்க் அச்சைக் கையால் சுற்றிப் பார்க்க ஸ்பேனரை வைத்தாள். மழைக்குளிரிலும் இரும்பு வெதுவெதுவென்று, காய்ச்சல் கண்ட நெற்றி போலிருந்தது. மெல்லத் திருப்பினாள். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று சுழன்றது. பாதிச் சுற்றில் ஏதோ இழுத்துப் பிடித்தது.

அச்சின் முனையில் பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால் விரலை விட்டாள். நூல் போல ஏதோ சிக்கியது. இழுத்தாள்.

முடி.

நீளமான முடி. அச்சைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. எண்ணெய் கோத்த கற்றை. இடையிடையே கண்ணாடித் தூள். கடைசியில் ஒரு துணி வளையம்.

நீலத் துணி. கணவனின் பழைய சட்டையைக் கிழித்து, ரப்பர் நுழைத்து, போன வாரம் அவளே தைத்தது. தையல் கோணியிருந்த இடம் கூட அப்படியே.

கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. அங்கே அது இருந்தது. கொண்டையை இறுக்கிப் பிடித்தபடி.

கணவனின் வேனில் அவள் இன்னும் ஒரு நாளும் ஏறியதில்லை.

வாசலில் சங்கிலி கலகலத்தது. கணவன் ஏதோ ஒரு பழைய பாட்டை சீட்டியடித்தான்.

உடைத்துவிட வேண்டும். இப்போதே. இன்ஜின் இல்லாவிட்டால் அவன் போக முடியாது. சுத்தியலை எடுத்தாள். பம்ப் உட்காரும் இடம் மெல்லிய வார்ப்பு. ஓர் அடி போதும். அழுக்கைத் துணியால் துடைத்தாள்.

அங்கே ஒரு பள்ளம். வட்டமாக. துருவேறி.

சுத்தியலின் முகத்தை அதில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

பள்ளத்திலிருந்து ஒரு விரிசல். அதன் மேல் பற்றவைத்த தழும்பு. மீன் செதில் போல வரிசையாக, முடிவில் சின்னதாய் ஒரு சுழி. அவன்தான் அப்படி முடிப்பான்.

அவள் ஏற்கெனவே உடைத்திருக்கிறாள். அவன் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறான்.

இருவரும் ஏற்கெனவே போயிருக்கிறார்கள்.

சுத்தியல் கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"முடிஞ்சுதா மகாராணி?" செயின் பிளாக்கை உருட்டிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். முகமெல்லாம் கரி. வெள்ளையாய்ச் சிரித்தான். "இறக்கிடலாமா? பொழுது விடியக் கிளம்பிடுவேன். என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

சொன்னால் சிரிப்பான். உடைத்தால் ஒட்டுவான். அந்த முகத்தை அவள் ஒரு கணம் முழுவதுமாகப் பார்த்தாள். தனியாக. அந்தச் சாலையில், கண்ணாடி நொறுங்கும்போது, இந்த முகம் தனியாக.

கொக்கி இன்ஜினில் மாட்டிக்கொண்டது. அவன் சங்கிலியை இழுக்க, அது தரையைவிட்டு எழும்பி மெல்லத் திரும்பியது. கருஞ்சிவப்புப் புள்ளிகள் இரண்டும் அவள் பக்கம் வந்து நின்றன. விரலில் சுற்றிய முடி, யாரோ அந்தப் பக்கம் பிடித்திழுப்பது போல, இறுகியது.

அவள் வாயைத் திறந்தாள். போகாதீங்க என்றுதான் திறந்தாள்.

"இந்தத் தடவை நானும் வரேங்க," என்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க."