பதினாலாம் நம்பர் ரொட்டிக்கடை

"ஐயோ... பெர்கஸ்!"

காலை ஆறரை மணிக்கு ப்ரீக்கின் நகரத்தை எழுப்பியது செங்காவின் அலறல்.

நெசவாளர் தெரு, பதினாலாம் நம்பர் ரொட்டிக்கடை. அடுப்பில் இறைச்சி அடைத்த பிரைடிகள் கருகிக்கொண்டிருந்தன. மாவு கொட்டிய தரையில் அவளுடைய தம்பி பெர்கஸ்...

மண்டை பிளந்து கிடந்தான்!

அவன் மார்பின் மேல் ஒரு காகிதம். பழைய நகரப் படத்தின் நகல். பதினாலாம் வீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

இன்ஸ்பெக்டர் டாய்க் கையுறை மாட்டி அதை எடுத்தார்.

"இது என்ன எழவு?"

"நான் எடுத்துக் குடுத்த நகல்." செங்காவின் குரல் கொதித்தது. "பின்னால பாருங்க... பென்சில்ல முப்பத்தொண்ணு. நூலகத்துல படம் கேட்டு வர்றவங்களுக்கு நான் போடற நம்பர். முப்பத்தொண்ணு ட்ராவிஸ் கின்னியர். ஆஸ்திரேலியாக்காரன். பூர்வீகம் தேடி வந்திருக்கான்!"

இருபது வருஷமாக நகர நூலகத்தின் பழைய படங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. கொள்ளுத் தாத்தா குடியிருந்த வீட்டைப் பார்க்கக் கடல் தாண்டி வருபவர்களுக்கு அவள்தான் வழிகாட்டி. கொலைகாரனுக்கும் அவளே வழிகாட்டிவிட்டாள்.

"உன் தம்பிக்கும் அவனுக்கும் என்னம்மா தகராறு?"

"ஒரு மண்ணும் இல்ல! தினம் வந்து பிரைடி வாங்கித் தின்னவன்!"

"பிடிச்சா, 'காகிதத்தைத் தொலைச்சுட்டேன்'னு சொல்லுவான். நம்ம ஊர் சட்டத்துக்கு ஒரு சாட்சி பத்தாது, ரெண்டு வேணும், செங்கா."

"அவன் வாயாலயே சொல்ல வெச்சா?"

"இந்த நிலைமையில நீ போய்..."

"அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு, இன்ஸ்பெக்டர். இப்ப எனக்குக் கோபம்தான் வருது!"

காலை பத்து மணி. நூலகம்.

செங்கா போன் செய்தவுடனே கின்னியர் வந்துவிட்டான். முகத்தில் பால் வடியும் சிரிப்பு.

"இன்னொரு படம் இருக்குன்னீங்களே, மேடம்?"

"உட்காருங்க. முப்பாட்டி எழுதுன கடிதம் ஒண்ணு இருக்குன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அது எந்த வருஷம்?"

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டு. மனப்பாடம்!" சிரிப்பு காணாமல் போனது. "'மகனே, பஞ்சத்துல ஒரு மூட்டை மாவு எடுத்ததுக்கு உன்னைக் காட்டிக் குடுத்தவன் பதினாலாம் நம்பர் ரொட்டிக்கடைக்காரன். அவன் பேரை என் நாக்கால சொல்ல மாட்டேன்.' பதினேழு வயசுப் பையன், மேடம்! விலங்கு மாட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்ல ஏத்துனானுங்க!"

"அன்னிக்கு நீங்க நகல் வாங்குனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டாம் வருஷத்துப் படம். அதுக்கு முந்தினதையும் பாருங்கன்னேன். 'அவசரம், ஒண்ணு போதும்'னீங்க."

"அதனால என்ன?"

"ரெண்டு படத்துக்கும் நடுவுல இந்தத் தெருவோட நம்பரையே திருப்பிப் போட்டாங்க. முன்னாடி பாலத்துலேர்ந்து எண்ணுனாங்க. அப்புறம் தேவாலயத்துலேர்ந்து! பழைய பதினாலு இன்னிக்கு அறுபத்தாறு. என் தம்பி கடை அன்னிக்கு வெறும் குதிரைக் கொட்டில்!"

"உங்க... தம்பியா?"

"ஆமா. எங்க குடும்பம் இந்த ஊருக்கு வந்ததே என் தாத்தா காலத்துலதான்!"

கின்னியர் மேஜையில் ஓங்கிக் குத்தினான்.

"பொய்! நான் மண்டையில அடிக்கறப்பவும் அவன் இதைத்தான் சொன்னான்... 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு! வம்சமே நடிக்குது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து டாய்க் வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

"ரெண்டு பேரும் கேட்டுட்டோம். சாட்சி சரியாப் போச்சு!"

விலங்கு பூட்டினார்கள். அப்போதும் கின்னியரின் திமிர் அடங்கவில்லை.

"அந்தப் பழைய பதினாலு யாரோடது? அந்தத் துரோகி யாரு? சொல்லு!"

செங்கா பழைய படத்தை மேஜையில் விரித்தாள். ஒவ்வொரு வீட்டின் மேலும் எண்ணும், சொந்தக்காரர் பெயரும் பொடி எழுத்தில் இருந்தன. பதினாலின் மேல் விரல் வைத்தாள்.

"நீயே படி."

குனிந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

'வில்லியம் கின்னியர், ரொட்டிக்கடை.'

"கி... கின்னியரா?"

"காலையிலேயே தேவாலயப் பதிவு எல்லாம் புரட்டிட்டேன். உன் முப்பாட்டி புருஷனோட கூடப்பிறந்த அண்ணன்! அதான் அவ அவன் பேரைச் சொல்லல. சொந்தக் குடும்பத்து மானம்!" செங்கா படத்தை அவன் பக்கம் தள்ளினாள். "துரோகியோட ரத்தம் வேணும்னா நீ கண்ணாடியில பார்த்திருக்கலாமேடா! என் தம்பி என்னடா பண்ணான் உனக்கு?"

ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். பார்த்தவன் கையில் விலங்குதான் மிச்சம்.

டாய்க் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"நடங்க, கின்னியர். சிறையில பதினாலாம் நம்பர் அறை காலியா இருக்காம்."

செங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பயப்படாம போ. அந்த நம்பரை யாரும் திருப்பிப் போட மாட்டாங்க!"