ஏப்பம் விடாத கம்ப்யூட்டர்

"இந்த சங்கரன்கோவில்லயே சத்தம் போடாத பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது என் கம்ப்யூட்டர்."

கோமதிசங்கர் இதைச் சிரிக்காமல் சொன்னான். இடது கை இடுப்பில் இருந்தது. வலது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

தங்கை யோகலட்சுமிக்கு அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் துரைப்பாண்டி அண்ணாச்சியின் விசைத்தறிகள் சடக்கு சடக்கு என்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் எதையும் இரண்டு தடவை சொல்வதுதான் வழக்கம்.

"என்னண்ணே சொன்ன?"

"சத்தமே போடாதுன்னு சொன்னேன்ட்டி!" என்று கோமதிசங்கர் கத்தினான்.

யோகலட்சுமி பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். தறிச் சத்தம்தான் கேட்டது.

"ஆமாண்ணே. கேக்கல," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

கோமதிசங்கர் கல்லூரியில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. யோகலட்சுமி ஆறாம் வகுப்பு. மூத்தவள் கோகிலா அக்கா பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்தவள், நான்கு மாதக் குழந்தையோடு இன்னும் இங்கேதான் இருந்தாள். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு தாத்தாக்களும் பேசிக்கொண்டே இருந்ததால், அதுவரைக்கும் அவன் பெயர் பொடியன்.

பெரிய பெரிய விளையாட்டுகளை ஓட்டினால் கம்ப்யூட்டர் சூடாகும். சாதாரண கம்ப்யூட்டருக்கு உள்ளே விசிறி சுற்றும். கோமதிசங்கரின் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஓடும். பெட்டிக்குள் கீழே ஒரு சின்னத் தொட்டி. அதை ஒட்டி ஒரு குட்டி பம்ப். பம்ப் தள்ளும் தண்ணீர், குழாய் வழியாகப் போய், சூடான இடத்தைத் தொட்டு, மேலே இருக்கும் ரேடியேட்டரில் ஆறி, மறுபடி தொட்டிக்கு வரும். எல்லாவற்றையும் அவன் தன் கையாலேயே பூட்டியிருந்தான். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே விளக்கு. குழாயில் நீல நிறத் தண்ணீர்.

"சொட்டு நீலம் போட்டியாலே?" என்று அம்மா கேட்டாள்.

"இது தனி கலர்ம்மா. பேட்டரிக்கு ஊத்துத சுத்தமான தண்ணில கலந்திருக்கேன்."

"வீட்டுக்குள்ள தண்ணி தேங்குனா கொசு வரும். டெங்குக்காரங்க வந்து டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"தேங்காதும்மா. ஓடும்."

"ஓடிக்கிட்டே இருக்குமா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துவேன்."

"வீட்டுத் தண்ணித்தொட்டியக் கழுவச் சொன்னா ஒரு வருசமா கழுவல," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

குழாய் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்து ஒரு நாள் முழுக்க பம்பை ஓட விட்டான். ஒரு சொட்டு நீலம்கூட இல்லை. அதெல்லாம் பொடியனின் துணி என்று கோகிலா அக்கா கண்டுபிடித்தபோதுதான் கொஞ்சம் சத்தம் வந்தது. அது கம்ப்யூட்டரிலிருந்து வந்ததல்ல.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, விளையாட ஆரம்பிக்கும் வரை.

நான்கு பேர் சேர்ந்து ஆடும் கோட்டைச் சண்டை அது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆடுவார்கள். கோமதிசங்கரின் கூட்டாளி நியாஸ் அகமதுதான் தலைவன். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் கோமதிசங்கரின் திரை கறுத்தது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது.

உடனே போன் வந்தது.

"ஏலே, எங்கள கோட்டைக்குள்ள விட்டுட்டு நீ எங்கலே போன?" நியாஸ் கேட்டான்.

"மிஷின் சூடாயிட்டுலே."

"தண்ணி ஓடுது, சூடே ஆகாதுன்னு சொன்ன?"

"தண்ணியும் சூடாயிட்டு."

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. இந்தத் தடவை நியாஸ் கத்தவில்லை. அமைதியாகப் பேசினான். அதுதான் மோசம்.

"இங்க பாரு மக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போட்டி. ராயகிரில பெர்லின்னு ஒரு பையன் இருக்கான். அவன் மிஷின் பழசுதான், ஆனா அணையாது. இன்னொரு தடவை ஒனக்கு அணைஞ்சா, அப்புறம் நம்ம டீம்ல அவன்தான். சங்கடப்படாத."

கோமதிசங்கர் அன்றைக்கு மூன்றாவது தோசையை வேண்டாம் என்று சொன்னான். வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

மறுநாள் மேசை விசிறியைத் தூக்கிப்போய்க் கம்ப்யூட்டருக்கு நேராக வைத்தான். தண்ணீரில் ஆறுகிற கம்ப்யூட்டருக்கு விசிறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தோசை எல்லோருக்கும் நினைவிருந்தது. பெட்டியைத் திறந்து கழற்றினான், துடைத்தான், பூட்டினான். நெற்றியைப் பிடித்துக்கொண்டு வீடியோக்கள் பார்த்தான். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் ஓர் எண் இருந்தது. அது எழுபது, எண்பது என்று ஏறித் தொண்ணூற்றைந்தைத் தொட்டால் திரை கறுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தறிகள் நின்றன. வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அவற்றுக்கு ஓய்வு.

தறி நின்றதும் பொடியன் விழித்துக்கொண்டான். அந்தத் தெருவில் குழந்தைகள் சத்தத்தில் தூங்கும், அமைதியில் விழிக்கும். கோகிலா அக்கா பால் கொடுத்துவிட்டு அவனை யோகலட்சுமியிடம் நீட்டினாள்.

"ஏட்டி, தோள்ல போட்டு மெதுவாத் தட்டு. ஏப்பம் வரணும். காத்து உள்ளயே நின்னா சாயங்காலம் வரைக்கும் அழுவான்."

யோகலட்சுமி தட்டிக்கொண்டே அண்ணன் அறைக்குள் நடந்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

களக். கொட கொட. களக்.

யோகலட்சுமி நின்றாள். பொடியனின் வயிற்றில் காதை வைத்தாள். அங்கே இல்லை.

"அண்ணே, ஒன் கம்ப்யூட்டர் சத்தம் போடுது."

"அது சத்தமே போடாது."

"இப்ப போடுதே."

கோமதிசங்கர் பெட்டியில் காதை வைத்தான். நெடுநேரம் காதை எடுக்கவில்லை.

"அது... தண்ணி ஓடுத சத்தம்," என்றான்.

"தண்ணி ஓடுனா சளசளன்னுல்லா கேக்கும்? இது பொடியன் வயித்துல கேக்குத மாதிரியே இருக்கு. உள்ள காத்து நிக்குதுண்ணே. இதுக்கு வாயு."

கோமதிசங்கர் மூன்று நாளாகச் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது சிரித்தான்.

"கம்ப்யூட்டருக்கு வாயுவா? ஓமத் தண்ணி குடுப்போமா? தோள்ல போட்டு, முதுகுல தட்டி, ஏப்பம் எடுக்க வைப்போமா?"

அதோடு விடவில்லை. நியாஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஏலே நியாஸ், எங்க வீட்டு ஆறாப்பு டாக்டர் சொல்லுதா, கம்ப்யூட்டருக்கு ஏப்பம் வரலியாம்!"

"வசம்பு உரசி ஊத்தச் சொல்லுலே!" என்று நியாஸும் சிரித்தான்.

"ஏஏவ்," என்றான் பொடியன், தோளில் இருந்தபடி.

யோகலட்சுமி கோபப்படவில்லை. அவள் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே, குழாய் வளைந்து ரேடியேட்டருக்குள் போகிற இடத்தில், நிலக்கடலை அளவில் ஒரு காற்றுக்குமிழி நடுங்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் வந்து முட்டியது. அது நகரவில்லை. பஸ் வாசலிலேயே நின்றுகொண்டு யாரையும் ஏறவிடாத ஆளைப் போல நின்றது.

"அண்ணே, இவனைக் கொஞ்சம் பிடி."

"நானா?"

அதற்குள் பொடியன் அவன் கைக்குப் போய்விட்டான். கோமதிசங்கர் அவனை, புதிதாக வாங்கிய கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோல உடம்பில் படாமல் பிடித்தான்.

வெட்டிப் போட்ட குழாய்த் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. யோகலட்சுமி அதில் கொஞ்சம் குறையாகத் தண்ணீர் பிடித்து, இரண்டு முனைகளையும் கட்டைவிரல்களால் அடைத்தாள். வில்லைப் போல வளைத்தாள். உள்ளே இருந்த குமிழி ஓடிப்போய் உச்சியில் உட்கார்ந்தது.

"பாரு. காத்து எப்பவும் மேலதான் போகும். ஒன் பெட்டில தொட்டி கீழ இருக்கு, ரேடியேட்டர் மேல இருக்கு. காத்து மேலயே உக்காந்துகிட்டு. வெளிய போகத் தொட்டிக்கு வரணும், ஆனா கீழ எறங்க அதுக்குத் தெரியாது."

குழாயின் ஒரு பக்கத்தை உயர்த்தினாள். குமிழி அந்தப் பக்கம் ஓடியது.

"தொட்டி மேல வார மாதிரி பெட்டியைச் சாய்ச்சா, காத்து தானா தொட்டிக்கு வந்துரும்லா?"

கோமதிசங்கர் குழாயைப் பார்த்தான். கண்ணாடிக்குள் பார்த்தான். பொடியனையும் பார்த்தான். பொடியன் அவன் சட்டையில் கொஞ்சம் பால் கக்கினான்.

"அதுக்குப் பேரு டில்ட்டிங்," என்றான் கடைசியில். "இன்னைக்குச் செய்யணும்னுதான் இருந்தேன்."

"சரிண்ணே."

"ஆனா தட்டுறதெல்லாம் கிடையாது. அது பிள்ளைக்கு."

பொடியனைப் பாயில் விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து பெட்டியை மெதுவாகச் சாய்த்தார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நிலக்கடலைக் குமிழி அசைந்தது. தயங்கியது. பிறகு குழாய்க்குள் சறுக்கி வந்து தொட்டியில் 'களக்' என்று உடைந்தது. அதன் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. களக், களக், களக். தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியது. இவ்வளவு நாளும் காற்று பிடித்துவைத்திருந்த இடம் அது. கோமதிசங்கர் புதுத் தண்ணீர் ஊற்றி நிரப்பினான்.

நிமிர்த்தி வைத்துக் கேட்டார்கள். சத்தம் குறைந்திருந்தது. ஆனால் போகவில்லை. கொட... கொட...

"ரேடியேட்டருக்குள்ள இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குண்ணே. சாய்ச்சுக்கிட்டே தட்டுனா வந்துரும்."

"தட்டுறதுக்கு இது என்ன மாவு டப்பாவா? உலகத்துல எவனாவது கம்ப்யூட்டர் முதுகத் தட்டுவானா? தள்ளிப் போ அங்கிட்டு."

சாயங்காலம் போட்டி தொடங்கியது. யோகலட்சுமி பொடியனை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியோரம் உட்கார்ந்தாள். அவளுக்குச் சண்டை புரியவில்லை. மூலையில் இருந்த எண்ணைத்தான் பார்த்தாள்.

கால் மணி நேரம் ஆனது. திரை கறுக்கவில்லை. ஆனால் எண் எண்பத்து நான்கில் இருந்தது. பிறகு எண்பத்தெட்டு. முதல் ஆட்டம் முடிந்தபோது தொண்ணூற்றொன்று. ஜெயித்துவிட்டார்கள். கோமதிசங்கரின் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அது முதல் ஆட்டத்தைவிட நீளமானது. கோமதிசங்கர் கைப்பழக்கத்துக்கான பயிற்சி ஆட்டத்தை ஓட விட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். எண் இறங்கவில்லை. தொண்ணூற்றிரண்டு ஆனது.

அவன் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தான்.

யோகலட்சுமி உடனே சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். கொஞ்சம் குறட்டையும் விட்டாள். குறட்டை அவ்வளவு நன்றாக வரவில்லை. ஆனால் போதுமானதாக இருந்தது.

நாற்காலி நகர்ந்தது. பிறகு தட்... தட்... தட்...

யோகலட்சுமி ஒரு கண்ணைத் திறந்தாள். கோமதிசங்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தோளில் சாய்த்திருந்தான். உள்ளங்கையால் அதன் முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். மதியம் அவள் பொடியனைத் தட்டிய அதே வேகம்.

"விட்டுரு மக்கா... விட்டுரு..." என்று முணுமுணுத்தான்.

களக் என்றது பெட்டி. நீளமாக, நிம்மதியாக.

தொண்ணூற்றிரண்டு எண்பது ஆனது. எண்பது எழுபது ஆனது. அறுபத்து மூன்றுக்கு வந்து அங்கேயே நின்றது.

கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து நியாஸின் குரல் கொசுவைப் போலக் கேட்டது.

"ஏலே கோமதி, ராயகிரிப் பையன் ரெடியா இருக்கான். வரவா வேண்டாமான்னு கேக்கான். ஒன் மிஷின் தாங்குமாலே?"

கோமதிசங்கர் எண்ணைப் பார்த்தான்.

"தாங்கும். வரவேண்டாம்னு சொல்லிரு."

"நல்லதுலே. நீதான் நம்ம ஆளு. ஆமா, என்னமோ தட் தட்னு கேக்குதே, என்ன சத்தம்?"

"தறி."

"ஞாயித்துக்கிழமை ஏதுலே தறி?"

கோமதிசங்கர் ஒரு கையால் மைக்கை அணைத்தான். மற்ற கை தட்டுவதை நிறுத்தவில்லை.