வெறும் ஏணை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆட்டோ, மானாம்பதி ஏரிக்கரையைத் தாண்டி வீட்டு வாசலில் நின்றது. கைக்குழந்தையோடு இறங்கும்போது சசிரேகாவுக்குத் தையல் போட்ட வயிறு சுரீரென்றது. தாய் இல்லாத பெண். அதனால் தலைப்பிரசவம் முடிந்து நேராகப் புருஷன் வீட்டுக்கே வந்துவிட்டாள். கணவன் வரதனின் அக்கா கனகா ஆரத்தி சுற்றி, கையோடு அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

நெல் மூட்டை அடுக்குகிற அறை. ஜன்னல் கிடையாது. சாம்பிராணிப் புகையும் பூண்டு வாடையும் சாக்கு நாற்றமும் சேர்ந்து மூச்சை அடைத்தன. உத்தரத்தில் பழஞ்சேலையால் குழந்தைக்கு ஏணை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“பச்ச ஒடம்பு, காத்து பூந்துடும்” என்று கனகா அவள் காதுகளில் பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றித் துண்டை இறுக்கினாள். கறவை மாட்டின் குரலும் தெருவில் போகும் டிராக்டரும் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டன.

முதல் அழுகை அவள் குளிக்கும்போது கேட்டது.

பிறந்த குழந்தையின் வீறல். மூச்சடைத்து, நின்று, மறுபடி கிளம்பியது. சசிரேகா ஈரப் பாவாடையோடு ஓடிவந்தாள்.

“இன்னாம்மே, இந்தக் கோலத்துல ஓடியார?”

“கொயந்த அயுதுச்சே அண்ணி.”

“அது பாட்டுக்குத் தூங்கிக்கினு கீது. கண்ணத் தொறந்து பாரு.”

குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. குழந்தை அயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு படும். விரலை எடுத்ததும் சந்தேகம் வந்துவிடும். மறுபடி வைப்பாள்.

ஒரு மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வாய் அவள் மார்பைப் பற்றியிருந்தது.

அப்போது ஏணைக்குள்ளிருந்து அழுகை வந்தது.

காதில் பஞ்சு இருந்தும், எதிரில் கத்துவது போலக் கேட்டது.

ஏணை அசையவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. வெறும் துணி.

துணி சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் அழுகை மாட்டுக்கொட்டகைப் பக்கம் போயிற்று. குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு அவளும் போனாள். வைக்கோலைக் கலைத்துத் தேடிக்கொண்டிருந்தவளைக் கனகாதான் பிடித்து இழுத்துவந்தாள். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த வரதனிடம், “பெத்தத வுட்டுட்டு வைக்கப்போர்ல பூந்துகினு கீறாடா” என்று அழுதாள்.

“ஒனக்கு இன்னாதான் பேஜாரு சசி?” என்றான் வரதன். அவள் குழந்தையின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள்.

மறுநாள் முதல் அறைக்கு வெளித்தாழ்ப்பாள். கனகா சோற்றோடு வந்தால் திறப்பாள், போனால் போடுவாள். உள்ளே சசிரேகா, அவள் பிள்ளை, அந்த அழுகை.

தாய்-சேய் நலம் பார்க்க வந்தாள் கிராம நர்ஸ் சுதா. கதவு தாழிட்டிருப்பதைப் பார்த்ததும் கனகாவை முறைத்தாள். உள்ளே வந்து, சசிரேகாவின் காதுப் பஞ்சைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சசிரேகா எல்லாவற்றையும் சொன்னாள். சுதா சிரிக்கவில்லை.

“இது பெத்தவங்களுக்கு வர்ற நோவும்மா. பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. எனக்கும் கைக்கொயந்த கீது. அது அயுவாதப்பவே எனக்கும் கேட்டுது. தூக்கமில்லாம மனசு பதறுது, அவ்ளோதான். நாளைக்கு நானே டாக்டராண்ட கூட்டிகினு போறேன்.”

சசிரேகாவுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அந்த நேரத்தில் அது ஆரம்பித்தது.

சசிரேகா அசையவில்லை. மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். தூக்கம். ‘இது நோவு. வேறொன்றுமில்லை’ என்று தனக்கே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

சுதா ஏணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. ஈரம் பரவிக்கொண்டே போயிற்று.

“எம் பொண்ணு அயுவற சத்தம் கேட்டாத்தான் எனக்கு இப்டி பாலு சொரக்கும்” என்று கிசுகிசுத்தாள் சுதா. “அவ உத்திரமேரூர்ல எங்க அம்மா வூட்ல கீறா.”

சட்டென்று எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் கனகா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருந்தாள்.

“அக்கா! கதவத் தொறங்க! அக்கா!”

பதில் இல்லை.

சசிரேகா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். சுதா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அழுகை உச்சத்துக்கு ஏறியது.

பிறகு நின்றது.

யாரோ குனிந்து வாரி எடுத்துக்கொண்டதும் நிற்குமே, அப்படி நின்றது. அடுத்து, ஏணைக்குள்ளிருந்து பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.